லேப் கறி வந்துவிட்டால் நம் ஆட்டுக்கு என்ன கதி? கடன் வாங்கிப் பண்ணை போடலாமா?

கருவேலங்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில். ஏழு வருடம் சவுதியில் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் 22 வெள்ளாடு நிற்கிறது, எல்லாம் கொடி ஆட்டு இனம், பாதி கரும்போரை (வெள்ளையில் கருப்புத் திட்டு), மீதி செம்போரை (வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு). காலையில் அவிழ்த்துவிட்டால் கருவேலங்காட்டில் நெற்று பொறுக்கித் தின்றுவிட்டு பொழுது சாயத் தானாக வீடு வந்து சேரும். பெரிய செலவு கிடையாது.

தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடாய் என்று ஒரு திட்டம் இருக்கிறது, பாதி மானியம், 10 லட்சம் வரைக்கும். அதற்கு மனு போடலாம் என்று கணக்கெல்லாம் போட்டுவிட்டேன். பரண் கொட்டில் (தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்ட கொட்டகை), போர், தீவனப்புல், ஆடு வாங்குவது என்று 20 லட்சம் வருகிறது. மானியம் இரண்டு தவணையாகத்தான் வரும், அதற்கு முன்னால் வங்கிக் கடனும் அம்மா நகையும் உள்ளே போயாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். கோழியே இல்லாமல் கோழிக்கறி, ஒரு பெரிய எஃகுத் தொட்டிக்குள் வளர்க்கிறார்கள், அங்கே 2020லேயே அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாம். "இன்னும் பத்து வருடத்தில் ஆட்டை எல்லாம் வண்டலூரில்தான் பார்க்க முடியும், இப்போது போய்க் கடன் வாங்குகிறாயே"ன்னு கேலி வேறு. அப்பாவிடம் சொன்னேன். அவர் வீடியோவை ஒருதரம் பார்த்தார், "தொட்டிக்குள்ளே நல்லி எலும்பு முளைக்குமாடா?" என்று கேட்டார், வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. இது நிஜமாகவே வருகிறதா, வந்தால் எத்தனை வருடத்தில், ஆட்டுக்கறி விலை விழுமா, நம் நாட்டில் இதற்கு அனுமதி உண்டா. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். சும்மா பயமுறுத்துகிறவர்கள் வேண்டாம், அதற்கு மச்சான் ஒருவனே போதும்.

குடுவைக்காரி:

தொண்டிதான் எனக்கும். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் நாலு வருடம் செல் வளர்ப்பு வேலை பார்த்தேன் (மருந்துக்காக, கறிக்காக அல்ல, ஆனால் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்). கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. அந்தத் துறையில் கோடி கோடியாகப் பணம் கொட்டியவர்கள் இன்றைக்கும் முட்டிக்கொண்டு நிற்பது அவர் கேட்ட கேள்வியில்தான்.

என்ன செய்கிறார்கள் என்றால், உயிரோடு இருக்கும் பிராணியின் உடம்பிலிருந்து மிளகு அளவு தசையை எடுப்பார்கள். தசையில் அடிபட்டால் அதை ஆற்றுவதற்கென்றே சில செல்கள் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்து, சர்க்கரை, உப்பு, வைட்டமின், அமினோ அமிலம் எல்லாம் கலந்த திரவத்தில் போட்டு, ஏறக்குறைய உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைத்தால், தாயின் வயிற்றில்தான் இருக்கிறோம் என்று நம்பி அது பெருக ஆரம்பிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். சின்னக் குடுவையில் தொடங்கி, பீர் ஆலையில் இருக்குமே அந்த மாதிரித் தொட்டி வரைக்கும் மாற்றி மாற்றி வளர்ப்பார்கள். கடைசியில் கிடைப்பது கூழ் மாதிரி ஒரு சதை. நம் ஊரில் கொத்துக்கறி என்கிறோமே, அதற்கும் கொஞ்சம் கீழே.

துண்டுக்கறி ஏன் வரவில்லை என்றால், செல்லுக்கும் மூச்சு வேண்டும். ஆட்டின் தொடைக்குள் மயிரிழை போல ரத்தக்குழாய் ஓடுகிறது, ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ஆக்சிஜன் கிடைக்கிறது. தொட்டியில் குழாய் ஏது? ஆக்சிஜன் தானாக ஊறி உள்ளே போவது கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் ஆழம்தான், அதற்கு மேல் கனமாக வளர்த்தால் நடுவில் இருக்கும் செல் செத்துவிடும். அதனால் மெல்லிய ஏடு ஏடாக வளர்த்து அடுக்குகிறார்கள், அல்லது செல் பிடித்து ஏறுவதற்கு ஒரு சாரம் கட்டி (வீட்டுக்குக் கட்டுகிற சாரம் மாதிரியேதான்) அதன்மேல் வளர்க்கிறார்கள். தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், குடல், தலைக்கறி, கால் சூப்பு, எதுவுமே இன்றைக்குத் தொட்டியில் கிடையாது.

2013 ஆகஸ்டில் லண்டனில் மேடை போட்டு முதல் லேப் மாட்டுக்கறி பர்கரைச் சுட்டுக் காட்டினார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் போஸ்ட் என்கிற ஆராய்ச்சியாளர் செய்தது. கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செர்கே பிரின் பணம் கொடுத்தார். செலவு 2.5 லட்சம் யூரோ. ஏறக்குறைய 20,000 தசை இழைகளைத் தனித்தனியாக வளர்த்துச் சேர்த்த ஒரே ஒரு வட்டம். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கொழுப்பு இல்லை, அதனால் வறட்டுக் கறியாக இருக்கிறது என்றார்கள். அதிலிருந்து விலை ரொம்பவே இறங்கியிருக்கிறது, ஆனால் பிராய்லர் கோழியோடு போட்டி போடும் அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் அந்தத் திரவம். செல்லைப் 'பெருகு பெருகு' என்று தூண்டும் புரதங்கள் இருக்கின்றன, மருந்துக் கம்பெனிகளுக்கு மில்லிகிராம் கணக்கில் விற்கிற சரக்கு. அப்புறம் சுத்தம். ஆட்டுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, சேற்றில் நின்றாலும் சமாளிக்கும். தொட்டிக்கு அது இல்லை. செல் இரட்டிப்பாக ஒரு நாள் ஆகும், பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். ஒரே ஒரு கிருமி உள்ளே போனால் போதும், மொத்தமும் சாக்கடைக்குத்தான். நாங்கள் ஒருமுறை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மூடி சரியாக மூடாமல் போய், திங்கட்கிழமை வந்து பார்த்தபோது மூன்று வார வேலை மோர் மாதிரி திரிந்து கிடந்தது. யார் மூடவில்லை என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

இந்தியாவில் இதுவரை விற்பனைக்கு அனுமதி கொடுக்கவில்லை. இதுவரை உணவாக இல்லாத புதுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2017 விதி இருக்கிறது, அந்த வழியாகத்தான் வர முடியும். ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2019இலேயே ஹைதராபாத்தில் இருக்கும் சிசிஎம்பி என்கிற செல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கும் மத்திய அரசு இதற்காக சுமார் 4.5 கோடி கொடுத்தது.

சுருக்கமாகச் சொன்னால் அது முதலில் பிடிக்கப்போவது பர்கர், நக்கெட்ஸ், சாசேஜ் என்று அரைத்துப் போடுகிற கறியின் இடத்தை. உங்கள் ஆடு அந்த வரிசையிலேயே நிற்கவில்லை.

கீழக்கரை_காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. 14 வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன், அந்தக் கறியைத் தின்று பார்த்தவன் என்கிற தகுதியில் பேசுகிறேன்.

2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது உண்மை, உலகத்திலேயே முதல் நாடு இதுதான். ஏன் கொடுத்தார்கள் என்பதையும் உங்கள் மச்சானிடம் கேளுங்கள். இந்த ஊர் சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. கொரோனா சமயத்தில் கப்பல் நின்றால் சோறு நிற்கும் என்கிற பயம் வந்தது. ஆடு மேய்க்கக் காடு இல்லாத ஊர்க்காரனுக்கு வந்த யோசனை அது. காடு இருக்கிற நமக்கு அந்த அவசரம் என்ன வந்தது?

2024இல் ஒரு இறைச்சிக் கடையில் உறைய வைத்து விற்றார்கள், 120 கிராம் பொட்டலம் 7 வெள்ளி 20 காசு. ஊர்க் கணக்கில் நானூறு ரூபாய்க்கு மேல். வாங்கி வந்து அறையில் மிளகு தட்டிப் போட்டு வறுத்தோம். வாசனை கோழிதான், சத்தியமாகக் கோழிதான். கடிக்கும்போது மட்டும் சோயா உருண்டைக்கும் கோழிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அப்புறம் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் அதில் கோழிச் செல் 3 சதவீதம்தான், மீதி எல்லாம் தாவரப் புரதம். மேலூர் அறைத்தோழன் ஒருவன், "நூறு கிராமில் மூன்று கிராம் கோழியா, இதை எங்கள் ஊர் சால்னாவிலேயே பார்த்திருக்கிறேனே" என்றான்.

ஹலாலா என்று இங்கே பெரிய விவாதம் ஓடியது. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் ஃபத்வா கொடுத்துவிட்டது: நாம் சாப்பிடக்கூடிய பிராணியின் செல்லாக இருந்து, வளர்க்கிற திரவத்திலோ முடிந்த பொருளிலோ ஹராமானது எதுவும் கலக்காமல் இருந்தால் கூடும் என்று. எல்லா நாட்டு ஆலிம்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை, அறுத்த பிராணியிலிருந்து எடுத்த செல்லாக இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று. ஹலால் ஆனாலும் குர்பானிக்கு ஆகாது. பக்ரீதுக்குத் தொட்டியை அறுக்க முடியுமா? கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, பனைக்குளம், பெரியபட்டினம் என்று நம் கரையில் எத்தனை வீட்டில் அன்றைக்கு ஆடு அறுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கிடாய்க்கு அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும் விலை வேறு எப்போது கிடைக்கும்?

கருவேலங்காட்டான்:

3 சதவீதமா!! காக்கா, மச்சானுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை.

@குடுவைக்காரி அக்கா ரொம்ப நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்பதோடு முடித்துக்கொண்டார்.

உண்மை_விளம்பி:

எல்லாம் கார்ப்பரேட் சதி. விதையைப் பிடுங்கினான், இப்போது ஆட்டைப் பிடுங்க வருகிறான். அந்தச் செல் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்குமாம், அதுதானே புற்றுநோய்? அதைத் தின்றால் நமக்கும் வரும். பகிருங்கள்.

குடுவைக்காரி:

@உண்மை_விளம்பி ஐயா, பகிர்வதற்கு முன்னால் ஒரு நிமிடம். சில கம்பெனிகள் ஓயாமல் பெருகும் செல் வரிசைகளைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அந்தச் செல் தொட்டிச் சூடும் திரவமும் இல்லாமல் ரொம்ப நேரம் தாங்காது. வாணலியில் போட்டால் அங்கேயே முடிந்தது, மிச்சம் மீதி வயிற்று அமிலத்தில் போய்விடும். ஆட்டுக்கறி தின்கிறவனுக்குக் கொம்பு முளைப்பதில்லை அல்லவா, அதே கணக்குதான்.

பிடுங்குவது பற்றிச் சொன்னீர்களே, அதில் எனக்கும் ஒரு யோசனை உண்டு. ஆடு யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம், கைம்பெண் ஒருத்தி இரண்டு குட்டி வாங்கி விட்டால் மூன்று வருடத்தில் பத்து ஆகிவிடும். தொட்டி அப்படி இல்லை, செல் வரிசைக்குக் காப்புரிமை, திரவத்துக்குக் காப்புரிமை, தொட்டி கோடிக்கணக்கில். அது வந்து ஜெயித்தால் கறி என்பது ஆலைச் சரக்கு ஆகிவிடும். இதைச் சொல்லி எதிர்த்தால் நானும் கூட வருவேன். புற்றுநோய்க் கதையைச் சொல்லி எதிர்த்தால் ஒருநாள் பொய் என்று தெரியும்போது நிஜமான கேள்வியும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

இன்னொரு வேடிக்கை, இதை எதிர்த்துச் சட்டம் போட்டவர்கள் யார் தெரியுமா? 2023இல் இத்தாலி தடை செய்தது. 2024இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவும் அலபாமாவும் தடை செய்தன. மாட்டுப் பண்ணைக்காரர்கள் பக்கம் நின்று போட்ட சட்டங்கள். அங்கே அவர்கள் கையில் ஓட்டும் இருக்கிறது, துட்டும் இருக்கிறது.

பாம்பன்_வல்லம்:

எல்லாரும் ஆட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர்கள் கை வைத்திருப்பது எங்கள் மீனில், அது யாருக்காவது தெரியுமா?

2024 ஜனவரியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், கொச்சியில் இருப்பது, ஒரு தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. லேப் மீன். எந்த மீன்? சீலா, வாவல் மாதிரி விலை போகிற மீன். (சீலா என்றால் மெட்ராஸ்காரர்களுக்கு வஞ்சிரம்.) இந்த நிலையத்தின் தலைமையிடம் முன்னால் இருந்ததே எங்கள் மண்டபம் கேம்ப்பில்தான், 1971இல்தான் அது கொச்சிக்குப் போனது, இப்போதும் மண்டபத்தில் கிளை இருக்கிறது. எங்கள் மாமா அங்கே படகில் வேலை பார்த்தவர். 2010இல் கடல் விரால் (கோபியா) குஞ்சு பொரிக்க வைத்து நாட்டிலேயே முதல்முறை என்று பேர் வாங்கியதும் மண்டபம்தான். அதனால் அவர்களை எதிரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் வயிறு கலங்குகிறது.

ஏன் என்றால், வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஒருநாள் போய் வந்தால் டீசல் காசு சாளையில் வரும், காரலில் வரும். வீட்டுக்கு மிஞ்சுவது என்னமோ சீலாவும் வாவலும் பாரையும் விழுந்தால்தான். சாளைக்கும் காரலுக்கும் எவனும் லேப் வைக்க மாட்டான். உச்சியில் இருக்கிற மீனைத்தான் எடுப்பான். ஆட்டுக்காரத் தம்பிக்குப் பயம் கம்மி, எனக்குத்தான் அதிகம்.

ஆனால் ராத்திரி வலை கிடக்கும்போது இன்னொன்றும் யோசித்தேன், சரியா தப்பா சொல்லுங்கள். விசைப்படகு மடிவலையில் சங்காயம் என்று ஒரு குப்பை வரும். விரல் நீளக் குஞ்சு மீன், நண்டுக் குஞ்சு, எல்லாம் சேர்ந்து ஒரு குவியல். அதை அள்ளி மீன்மாவு ஆலைக்கு அனுப்புகிறார்கள், அது கோழித் தீவனம் ஆகிறது. நாளைக்குச் சீலாவாக வளர வேண்டிய குஞ்சை இன்றைக்குக் கோழி தின்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை போட்டு மீனைக் காப்பாற்றிவிட்டு, 62ஆம் நாள் சங்காயத்தில் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். கோழிக்கறி தொட்டியிலே வளர்ந்தால், தீவனத்துக்குச் சங்காயம் வேண்டாம். வேண்டாம் என்றால் அவ்வளவு பொடிக் கண்ணி வலை எதற்கு? அப்படிப் பார்த்தால் லேப் கோழி வந்தால் எங்களுக்கு நல்லது, லேப் சீலா வந்தால் கெட்டது. ஒரே தொழில், இரண்டு பக்கமும் இடிக்கிறது.

குடுவைக்காரி:

அண்ணே, சங்காயம் பற்றி நீங்கள் சொன்னது நான் எந்தக் கட்டுரையிலும் படிக்காதது. பாதிதான் சரியாக இருக்கும், ஏனென்றால் இறால் பண்ணைக்கும் மீன்மாவு போகிறது, கோழி வேண்டாம் என்றாலும் இறால் கேட்கும். ஆனாலும் யோசிக்க வேண்டிய கணக்கு.

மீன் விஷயத்தில் உங்கள் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மீன் செல்லுக்கு ஆட்டுச் செல் மாதிரி 37 டிகிரி சூடு வேண்டாம், குறைந்த சூட்டிலேயே வளரும், அதனால் மின்சாரச் செலவு மிச்சம். மீன் சதையில் இழையும் குட்டை, ஏடு ஏடாகத்தான் இருக்கிறது, அதைப் போலி செய்வது தொடைக்கறியைவிடச் சுலபம். விலையும் மேலே இருப்பதால் நஷ்டம் கம்மி. அமெரிக்காவில் 2023இல் லேப் கோழிக்கு அனுமதி கிடைத்தது, 2025இல் லேப் சால்மனுக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கேயும் ஒருசில ஓட்டல் தட்டில்தான் இருக்கிறது, சந்தையில் கூடை கூடையாக இல்லை. முள்ளோடு, தலையோடு, குழம்பில் போட்டால் நெய் மிதக்கிற சீலா இன்னும் ரொம்ப தூரம்.

பாசிக்காரி:

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் எனக்கு. நான் படித்தது எட்டு, மகள்தான் வாசித்துக் காட்டி, சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அந்தப் பிள்ளை செல் ஏறுவதற்குச் சாரம் கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சாரம் எதில் செய்வது?

குடுவைக்காரி:

அக்கா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பல வழி இருக்கிறது, அதில் ஒன்று கடற்பாசி. நீங்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியில் அகர், கட்டக்கோரையில் ஆல்ஜினேட், கயிற்றில் கட்டி மிதவையில் வளர்க்கிறீர்களே அந்தக் கப்பாப்பைகஸில் கராஜீனன். மூன்றையும் சாரத்துக்கு முயன்று பார்த்திருக்கிறார்கள். வாய்க்குள் போகிற பொருளாக இருக்க வேண்டும் என்பதால் பாசிக்கு மவுசு.

பாசிக்காரி:

அப்போ கிலோவுக்கு எவ்வளவு கூடும்?

குடுவைக்காரி:

அது வியாபாரி கையில் இருக்கிறது அக்கா, என் குடுவையில் இல்லை.

கிடை_வீட்டுப்பெண்:

முதுகுளத்தூர் பக்கம். தாத்தா கீதாரியாக இருந்தவர், ஐந்நூறு செம்மறியோடு ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வருவார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடச் சொல்லி சம்சாரிகள் கூப்பிட்டு அனுப்புவார்கள், ராத்திரிக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கூலி. விடிந்தால் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். அதற்கு அப்புறம் அந்த வயலுக்கு உர மூட்டை தேவைப்படாது. எங்கள் வீட்டில் கறிக்காக ஆடு வளர்த்தோம் என்று யாராவது சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். ஆடு நிலத்துக்கு, ஆடு பிள்ளை படிப்புக்கு, ஆடு ஆஸ்பத்திரிக்கு. கடைசியாகத்தான் கறிக்கு.

லேப் கறிக்காரர்கள் சொல்கிற கணக்கில் இந்தக் கிடை எங்கே வருகிறது? கால்நடைகளால் பூமி சூடாகிறது என்கிறார்கள், உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் 14.5 சதவீதம் என்று சொன்னது. நான் மறுக்கவில்லை. அது காட்டை அழித்து சோயா விதைத்து, அதைக் கப்பலில் ஏற்றிக் கொட்டிலில் கட்டிய மாட்டுக்குப் போடுகிற ஊர்களையும் சேர்த்த கணக்கு. கருவேல நெற்றும் அறுத்த வயலின் தாளும் தின்று மழைத்தண்ணி குடிக்கிற ஆட்டையும் அதே தராசில் நிறுத்தால் எப்படி? அது தின்பதை மனுசன் தின்ன முடியாது.

ஆனால் ஒன்று, நம்மவர்கள் எல்லாம் உத்தமர் என்றும் சொல்ல மாட்டேன். கண்மாய்க் கரையில் புல் முளைக்க விடாமல் மேய்த்தே தரிசாக்கியதும் நாங்கள்தான்.

@கருவேலங்காட்டான் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியைவிட கேட்காத கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. சிங்கப்பூர்த் தொட்டி உங்கள் ஆட்டைக் கொல்லாது. ஆட்டுக்கொல்லி நோய் கொல்லும். நீலநாக்கு கொல்லும். மழைக்கு முளைத்த இளம்புல்லைக் கண்டபடி தின்றுவிட்டு துள்ளுமாரி நோயில் விழும், காலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி மத்தியானம் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு ஐப்பசியில் எங்கள் 60 உருப்படியில் 31 போனது, தடுப்பூசி போட வருவதாகச் சொன்னவர்கள் வந்தபோது குழி மூடியாகிவிட்டது. 22 ஆடு காட்டில் மேய்வது ஒரு தொழில். 105 ஆடு பரணில் நிற்பது வேறு தொழில். காட்டில் மேய்ந்து பழகிய கொடி ஆடு, நெட்டைக் காலு, நாள் முழுக்க நடக்கிற சாதி. அதைப் பரணில் அடைத்தால் தீவனம் நீங்கள்தான் போட வேண்டும். அந்த ஊரில் தண்ணி உப்பு, புல் எங்கே விளையும்? போர் போட்டால் கடல்தான் ஏறி வரும். இதைக் கணக்கில் போட்டீர்களா?

குடுவைக்காரி:

கிடை பற்றிச் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாகச் சேர்க்கிறேன், லேப் கறி சுத்தமானது என்பதும் முடிவான விஷயம் இல்லை. 2023இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இப்போது மருந்துக்குச் செய்கிற அளவு சுத்தத்தில் திரவம் தயாரித்து வளர்த்தால், சாதாரண மாட்டுக்கறியைவிட 4 முதல் 25 மடங்கு வரை கரியமிலம் வெளியாகும் என்று. உணவுத் தரத்துக்குச் சுத்தம் போதும், மின்சாரமும் சூரிய சக்தியில் கிடைக்கும் என்றால் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். ஆக எந்தப் பக்கம் சாயும் என்பது கரண்டுக் கம்பியில் இருக்கிறது.

என் பயம் பிராய்லருக்குத்தான். சின்னக் கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் அடைத்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏற்றுகிற கோழி. அந்த இடத்தைத் தொட்டி பிடித்தால் எனக்குக் கண்ணீர் வராது.

கீழக்கரை_காக்கா:

வராது என்று சொல்லாதீர்கள், கொட்டகையில் ஒப்பந்தத்துக்குக் கோழி வளர்ப்பவனும் கடன்காரன்தான்.

குடுவைக்காரி:

அதுவும் சரி காக்கா. பின்வாங்கிக்கொள்கிறேன்.

கருவேலங்காட்டான்:

நாலு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். கிடை வீட்டு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன், அப்புறம் பக்கத்து ஊரில் பரண் போட்டவர் ஒருவர் வீட்டுக்கும். அவருடைய போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், துப்பிவிட்டேன். புல் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. 100 வாங்கி இப்போது 43 நிற்கிறதாம். லேப் கறி பற்றி அவரிடம் கேட்டேன். "அது எனக்கு எங்கே வரப்போகிறது, வட்டி முந்திக்கொண்டு வந்துவிடுகிறதே" என்றார்.

அதனால் 105 திட்டத்துக்கு இப்போது மனு போடவில்லை. அம்மா நகை பெட்டியிலேயே இருக்கட்டும். 22ஐ 40 ஆக்குகிறேன், பரண் வேண்டாம், மழைக்கு ஒதுங்க மட்டும் மேடாக ஒரு கொட்டகை. தடுப்பூசித் தேதி எல்லாம் அப்பா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். பக்ரீதுக்கு ஆறு கிடாய், ஆடிப் படையலுக்கு நாலு என்று தனியாக விடலாம் என்று யோசனை. முனியசாமிக்குத் தொட்டிக் கறி படைத்தால் அவர் அரிவாளைத் தொட்டியில் போட்டுவிடுவார், அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் இந்தச் சர்ச்சைக்கு வந்த தீர்ப்பு.

மச்சான் நேற்றுப் பேசினான். அடுத்த மாதம் வருகிறானாம், கறிக்குழம்பு வைக்கச் சொல்கிறான்.

கடைசியாக ஒரு உதவி. எங்களிடம் நிற்கும் கிடாய் மூன்றும் ஒரே தாய் வழி, குட்டி சிறுத்துப்போகிறது. கரும்போரைக் கிடாய், இரண்டு பல் போட்டது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எட்டயபுரம் சந்தைக்குப் போகலாம் என்றால் அங்கே கலப்புத்தான் அதிகம் என்கிறார் அப்பா.

கிடை_வீட்டுப்பெண்:

பெருநாழியில் எங்கள் சித்தப்பா வீட்டில் ஒன்று நிற்கிறது. பல் பார்த்துச் சொல்கிறேன். விலை அவரிடம் பேசிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வர மாட்டேன்.

பாம்பன்_வல்லம்:

தம்பி, மச்சான் வரும்போது சொல்லுங்கள், சீலா கிடைத்தால் இரண்டு துண்டு கொடுத்து விடுகிறேன். முள்ளோடு.